முட்டை இல்லை என்று எழுதியவர்களும் எழுதாதவர்களும்: பெஸ்தாரி ஜெயா வரைபடம் பற்றி ஓர் உதவி வேண்டும்

செம்மண் சாலை (இழையைத் தொடங்கியவர்)
திங்கள், இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். நான் மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பெஸ்தாரி ஜெயாவுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். அப்பா செம்பனைக் (எண்ணெய்ப்பனை) குலை வெட்டினார், அம்மா உரம் போட்டார். இப்போது முதுகலை ஆய்வு செய்கிறேன். சாப்பாட்டுப் பொருளுக்குத் தட்டுப்பாடு வரும்போது, மக்கள் இடத்தைக் குறித்துச் சமூக ஊடகத்தில் போடும் பதிவுகளை வைத்து, எந்தப் பகுதியில் எது எப்போது தீர்ந்தது என்று சொல்ல முடியுமா? இதுதான் என் கேள்வி.

இரண்டு தட்டுப்பாடுகளை எடுத்துக்கொண்டேன். 2022 கடைசியில் வந்த முட்டைத் தட்டுப்பாடு ஒன்று. 2023 செப்டம்பர், அக்டோபரில் உள்ளூர் அரிசி கிடைக்காமல் போனது இன்னொன்று. முட்டைக்கு எங்கள் துறையில் முன்பே சேமித்து வைத்த டுவிட்டர் பதிவுகள் இருந்தன. அரிசிக்கு அந்த வசதி இல்லை. ஆய்வாளர்களுக்கு இருந்த வழியை அதற்குள் மூடிவிட்டார்கள். பொதுவில் கிடந்த பதிவுகளை நானே ஒன்றொன்றாகத் தேடி எடுத்தேன். மலாயில் ‘தெலூர் ஹாபிஸ்’ (முட்டை தீர்ந்தது), ‘பெராஸ் தெம்பாத்தான் தாக் அடா’ (உள்ளூர் அரிசி இல்லை), தமிழில் ‘அரிசி கிடைக்கல’ என்று இரண்டு மொழிகளிலும் தேடினேன்.

எல்லாவற்றையும் கோல சிலாங்கூர் மாவட்ட வரைபடத்தில் வைத்துப் பார்த்தேன். ஊர் நடுவிலும் பல்கலைக்கழக வளாகத்தைச் சுற்றியும் புள்ளிகள் அப்பிக்கொண்டு நிற்கின்றன. சுற்றியுள்ள தோட்டங்கள் அத்தனையும் வெறும் வெள்ளை. அதைப் பார்ப்பவருக்குத் தோட்டத்தில் ஒரு குறையும் இருந்திருக்காது என்றுதான் தோன்றும். என் மேற்பார்வையாளரும் அப்படித்தான் கேட்டார்: “அங்கே ஆள் குறைவு, தட்டுப்பாடும் இல்லை என்று எழுதிவிடலாமே?”

என்னால் அப்படி எழுத முடியவில்லை. அந்த அக்டோபரில் நான் வீட்டில் இருந்தேன். அம்மா அரிசி டின்னைச் சாய்த்து, பால் டின்னால் அடியைச் சுரண்டி அளந்தார். வழக்கமாக மூன்று டின் போடுகிறவர் இரண்டரை போட்டார். நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, “எனக்குப் பசி இல்ல” என்றார். அம்மாவிடம் கைப்பேசி இருக்கிறது, முகநூலும் இருக்கிறது. அவர் எதையும் எழுதவில்லை. நானும் எழுதவில்லை.

இந்த வெள்ளை இடத்தை எப்படிப் படிப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


எண்ணும் எழுத்தும்
திங்கள், இரவு 11.05

வணக்கம் தங்கச்சி. நான் கோலாலம்பூரில் தரவு வேலை பார்க்கிறேன். உங்கள் வரைபடத்தைப் பார்க்காமலேயே சில விஷயம் சொல்ல முடியும்.

முதலில் அந்தப் புள்ளிகள் எங்கிருந்து வருகின்றன என்று பாருங்கள். டுவிட்டரில் ஆள் நிற்கும் இடத்தைத் துல்லியமாகக் காட்டும் குறி எப்போதுமே குறைவு. நூறு பதிவில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். 2019 ஜூனில் அந்த வசதியையே பெரும்பாலும் எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு இருப்பது பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்த இடத்தின் பெயர். ஒருவர் ‘பெஸ்தாரி ஜெயா’ என்று தேர்ந்தெடுத்தால், அவர் கடையில் நின்றாலும் சரி, பதினைந்து கிலோமீட்டர் உள்ளே செம்பனைக்கு நடுவில் நின்றாலும் சரி, பதிவு அந்த ஊருக்கென்று வைத்த நடுப்புள்ளியில்தான் விழும். நீங்கள் பார்க்கும் அந்தத் திரள் ஒரு பெயரின் திரள். அதைக் கூட்டம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இரண்டாவது, பெயர். பத்தாங் பெர்ஜுந்தை என்ற பெயரை 2007இல்தான் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றினார்கள். நம் ஆட்கள் பலர் இன்னும் பத்தாங் என்றுதான் சொல்கிறார்கள், எழுதுகிறார்கள். பழைய பெயரையும் தேடினீர்களா? தோட்டத்தின் பெயரை, டிவிஷன் (தோட்டப் பிரிவு) பெயரைத் தேடினீர்களா? தமிழை ரோமன் எழுத்தில் எழுதுகிறவர்களை எப்படிப் பிடித்தீர்கள்? ‘அரிசி’ என்ற ஒரு சொல்லுக்கே நான்கைந்து எழுத்துக்கூட்டல் இருக்கும்.

மூன்றாவது, வளாகம். இருபது வயதுப் பிள்ளைகள், கையில் எப்போதும் டேட்டா, சாப்பிடுவதையெல்லாம் பதிவு போடும் பழக்கம். கேன்டீனில் முட்டை வறுவல் நின்றுபோனால் அன்றைக்கே நாற்பது பதிவு வரும். அதில் பொய் இல்லை. ஆனால் அது ஒரு வளாகத்தின் குரல், மாவட்டத்தின் குரல் ஆகாது.

இந்த வழியில் முன்பு நடந்தவற்றையும் பாருங்கள். ஐக்கிய நாடுகள் சபையின் குளோபல் பல்ஸ் திட்டம் ஜகார்த்தாவில் ஓர் ஆய்வுக்கூடம் வைத்திருந்தது. மாட்டிறைச்சி, கோழி, வெங்காயம், மிளகாய் ஆகியவற்றின் விலையை டுவிட்டர் பதிவுகளை வைத்து அன்றன்றே கணிக்க முயன்றார்கள். ஜகார்த்தா டுவிட்டரில் ஊறிய நகரம், அதனால் அங்கே பேச்சு நிறைய. 2016இல் அமெரிக்காவில் முன்முன் டி சௌத்ரி என்ற ஆய்வாளரின் குழுவினர் 30 லட்சம் இன்ஸ்டாகிராம் பதிவுகளை எடுத்து, நல்ல உணவுக்கடை எட்டாத பகுதிகளில் மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தார்கள். அங்கே பதிவான உணவில் கொழுப்பும் சர்க்கரையும் கூடுதலாக இருந்தன. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எந்தப் பகுதி அப்படிப்பட்டது என்பதை அவர்கள் இன்ஸ்டாகிராமிலிருந்து கண்டுபிடிக்கவில்லை. அமெரிக்க விவசாயத் துறை குடிக்கணக்கையும் கடைத் தூரத்தையும் வைத்து முன்பே வகுத்திருந்தது. நகரமென்றால் ஒரு மைல், நாட்டுப்புறமென்றால் பத்து மைல் என்று அளவு. பட்டியல் முதலில் வந்தது, பதிவு அதற்குப் பின்னால் வந்தது. உங்களிடம் பட்டியல் இல்லை. பதிவிலிருந்தே பட்டியலை எடுக்கப் பார்க்கிறீர்கள். சிக்கல் அங்கேதான்.


சந்தைக்கடை மகன்
செவ்வாய், காலை 6.50

அக்கா, எங்கள் மளிகைக்கடை நீங்கள் சொல்லும் ஊரில்தான். கடை திறக்கும் முன் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முட்டையும் அரிசியும் ஒரே மாதிரி தட்டுப்பாடு இல்லை. முட்டை நிஜமாகவே வரவில்லை. கோழித்தீவனத்துக்குச் சோளமும் சோயாவும் வெளியிலிருந்து வருகிறது, 2022இல் அதன் விலை ஏறிவிட்டது. முட்டைக்கோ அரசாங்கம் உச்ச விலை வைத்திருந்தது. கட்டுப்படியாகாமல் பண்ணைக்காரர்கள் கோழியைக் குறைத்தார்கள். எங்கள் மொத்த வியாபாரி வாரத்துக்கு இருபது தட்டு கொடுத்தவர் ஆறு தட்டு கொடுத்தார். கடைசியில் நாமக்கல் முட்டை வந்தது. அந்தச் செய்தியை அப்பா பேப்பரில் உரக்க வாசித்தார், தாத்தாவுக்கு அந்தப் பக்கம்தான் ஊர்.

அரிசி வேறு கதை. இந்தியா 2023 ஜூலை 20இல் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியது. செப்டம்பர் 1இல் இங்கே இறக்குமதி அரிசியின் விலையை டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 3,200 வெள்ளிக்கு ஏற்றினார்கள். உள்ளூர் அரிசி மட்டும் 10 கிலோ 26 வெள்ளி என்ற கட்டுப்பாட்டு விலையிலேயே நின்றது. பிறகு யார் இறக்குமதி அரிசியை வாங்குவார்? எல்லாரும் உள்ளூர் அரிசியைத் தேடினார்கள், அது காணாமல் போனது. செகிஞ்சான் நெல்வயல் நமக்கு ஒரு மணி நேர ஓட்டம், ஆனாலும் எங்கள் கடையில் உள்ளூர் மூட்டை ஒன்றுகூட இல்லை. இறக்குமதி மூட்டை அடுக்கடுக்காக இருந்தது. ‘அரிசி இல்லை’ என்று எழுதியவர் கடை அலமாரியின் காலித் தட்டைப் படம் எடுத்தவர். எங்கள் கடையில் தட்டு காலி இல்லை. வாங்கத்தான் காசு இல்லை. அதை எப்படிப் படம் எடுப்பது?

இன்னொன்று சம்பளத் தேதி. தோட்டத்தில் சம்பளம் 7ஆம் தேதிக்குள் வரும். உள்ளூர் அரிசி லாரி ஒரு தடவை 2ஆம் தேதி வந்தது. தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இருக்கிறவர்கள், காரில் வருகிறவர்கள் மத்தியானத்துக்குள் எடுத்துப் போய்விட்டார்கள். ஆளுக்கு ஒரு பை என்று அப்பா அன்றைக்குச் சாயங்காலம்தான் எழுதி ஒட்டினார். 8ஆம் தேதி தோட்டத்து ஆட்கள் மோட்டாரில் வந்தபோது எழுதி ஒட்டிய காகிதம் இருந்தது, அரிசி இல்லை.

தட்டுப்பாட்டைப் பார்க்க வேண்டுமானால் எங்களிடம் 555 நோட்டு இருக்கிறது. சட்டைப்பையில் அடங்கும் அந்தச் சின்னக் கடன் நோட்டு எல்லாருக்கும் தெரியும். ஒரு வீட்டு நோட்டில் ஆகஸ்டில் ‘அரிசி 10’ என்று இருக்கும். செப்டம்பரில் ‘அரிசி 5’. அக்டோபரில் ‘அரிசி 5, மாவு 2’. அதற்கப்புறம் ‘மாவு 2, மேகி, பிஸ்கட்’. முட்டை 30 என்று எழுதிய இடத்தில் முட்டை 5. அப்பாவின் கையெழுத்தில் எல்லாம் அப்படியே இருக்கிறது. யாரும் அதற்கு இடக்குறி போடவில்லை, ஆனால் எந்த டிவிஷன், எந்த லைன் (தொழிலாளர் வீட்டு வரிசை) என்று அப்பாவுக்குத் தெரியும்.


செம்மண் சாலை
செவ்வாய், காலை 8.15

தம்பி, உங்கள் பதிவை பஸ்ஸில் மூன்று முறை வாசித்தேன். பொருள் இல்லாத தட்டுப்பாடு, காசு இல்லாத தட்டுப்பாடு இரண்டையும் நான் ஒரே சொல்லால் தேடியிருக்கிறேன். என் தேடலில் முதலாவதுதான் சிக்கும்.

நகரத்தில் பதிவு வந்தால் நம் கடைக்கு ஒரு வாரம் கழித்துத் தட்டுப்பாடு வரும் என்று வைத்துக்கொள்ளலாமா? அப்படியானால் அதை முன்னெச்சரிக்கையாகவாவது பயன்படுத்தலாம்.


சந்தைக்கடை மகன்
செவ்வாய், மதியம் 2.20

எங்கள் அனுபவத்தில் தலைகீழ் அக்கா. மொத்த வியாபாரியிடம் சரக்குக் குறைந்தால் முதலில் வெட்டுவது சின்னக் கடையின் பங்கைத்தான். பெரிய பேரங்காடிக்குப் போகிற பங்கைக் கடைசியில் வெட்டுவார். நகரத்தில் காலித் தட்டுப் படம் வரும்போது எங்களுக்கு முட்டை நின்று இரண்டு வாரம் ஆகியிருந்தது.


கரும்பலகை
செவ்வாய், இரவு 8.30

நான் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் பல வருடமாகக் கற்பிக்கிறேன். ஏன் எழுதவில்லை என்பதற்கு எனக்குத் தெரிந்த காரணத்தைச் சொல்கிறேன்.

எங்கள் வகுப்புக்கு ஒரு புலனக் (வாட்ஸ்அப்) குழு இருக்கிறது. வீட்டுப்பாடம், சீருடை, எல்லாம் அதில்தான். ஒரு செய்தி யார் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று அதில் பார்க்கலாம். மாதத் தொடக்கத்தில் போட்டால் பத்து நிமிடத்தில் எல்லாருக்கும் போய்விடும். 20ஆம் தேதி தாண்டினால் சில பெயர்கள் சேராத பட்டியலிலேயே நிற்கும். இரண்டு நாள், மூன்று நாள். முதலில் சிக்னல் பிரச்சினை என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, டாப் அப் முடிந்திருக்கிறது. பத்து வெள்ளி இருந்தால் முதலில் அரிசி, பிறகு பெட்ரோல், கடைசியில்தான் கைப்பேசி. முட்டைத் தட்டுப்பாடு நடந்த அந்த நவம்பரில் சேராத பெயர்கள் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வரத் தொடங்கின. மாதம் பாதியிலேயே.

அதனால் உங்கள் வரைபடத்தின் வெள்ளை இடத்தைப் பற்றி எனக்கு ஒரு பயம் உண்டு. வீட்டில் பிடி இறுகும்போது கைப்பேசிதான் முதலில் அணையும். சொல்வதற்கு நிறைய இருக்கும் அந்த வாரத்தில் அந்த வீடு பேசாது. பதிவு குறைந்த வாரத்தை நிலைமை தேறிய வாரம் என்று உங்கள் கணக்கு எடுத்துக்கொண்டால் அது பெரிய தவறாகிவிடும் அம்மா.

டேட்டா இருந்தாலும் எழுதமாட்டார்கள். ‘வீட்டில் சோறு இல்லை என்று ஊருக்குச் சொல்வதா’ என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. ஒரு தாய் என்னிடம், அதுவும் பள்ளி வாசலில், மற்றவர்கள் போன பிறகுதான், “டீச்சர், காலை உணவுப் பட்டியலில் சின்னவன் பேரையும் சேர்க்க முடியுமா?” என்று கேட்டார். அரசாங்கத்தின் கூடுதல் உணவுத் திட்டத்தைச் சொன்னார். குரலைத் தாழ்த்திக் கேட்ட அந்தக் கேள்விதான் அவர் போட்ட பதிவு. அதே திட்டம் 2020 மார்ச் 18இல் கொரோனாவால் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளி மூடியதும் பிள்ளைகளுக்குக் கிடைக்காமல் போனது. அப்போதும் அந்த வீடுகளில் இருந்து முகநூலில் ஒரு வரி நான் பார்த்ததில்லை.


பழைய கிராணி
புதன், காலை 10.10

எழுபது வயதைத் தாண்டியவன். தோட்ட ஆபீசில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்றேன். பேரன் இந்த இழையைக் காட்டினான், நான் சொல்லச் சொல்ல அவன் தட்டுகிறான்.

என் அம்மா ஜப்பான்காரன் ஆண்ட காலத்தைப் பற்றிச் சொல்லும்போது ‘கிழங்கு காலம்’ என்றுதான் சொல்வார். அரிசி கண்ணில் பட்டதில்லை. மரவள்ளிக்கிழங்கை வேகவைத்து, காயவைத்து, மாவாக்கி, எந்த வடிவில் கொடுத்தாலும் அதே கிழங்கு. ஆண்களைச் சயாம் (தாய்லாந்து) ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள், கிழங்கு நடப் பெண்கள்தான் இருந்தார்கள். எத்தனை வீடு பட்டினி கிடந்தது என்று யார் எழுதிவைத்தார்? ஆபீஸ் பதிவேட்டில் ரப்பர் பால் எத்தனை பவுண்டு, ஆள் எத்தனை பேர் என்பதுதான் இருக்கும். பிற்காலத்தில் நானும் அதைத்தான் எழுதினேன். சாப்பிட்டாயா என்ற பத்தி அந்தப் பதிவேட்டில் கிடையாது. ஆகவே இந்தப் பிள்ளை இதை எழுத வேண்டும் என்று நான் நினைக்கிறேன், எப்படியாவது.

ஒரு திருத்தம் மட்டும் சொல்லவேண்டும். தோட்டம் என்றால் தமிழர் என்று நினைத்து எழுதாதே அம்மா. நம் ஆட்கள் பாதிக்கு மேல் வெளியேறி தாமானிலும் மலிவு விலை அடுக்குமாடியிலும் இருக்கிறார்கள். இப்போது லைனில் இருப்பது இந்தோனேசியப் பிள்ளைகள், வங்காளதேசப் பிள்ளைகள், நேப்பாளிகள். அவர்களில் பலர் வேறு மொழியில் பேசுகிறார்கள். உன் இரண்டு மொழியில் அவர்கள் சிக்கமாட்டார்கள். அந்தத் தம்பியின் 555 நோட்டிலும் இருக்கமாட்டார்கள், அவர்களுக்கு யார் கடன் கொடுப்பார்? கையில் காசு இருந்தால் வாங்குவார்கள், இல்லாவிட்டால் இல்லை. நோட்டும் ஒரு வரைபடம்தான். அதிலும் வெள்ளை இடம் உண்டு.


சந்தைக்கடை மகன்
புதன், காலை 11.00

ஐயா சொல்வது உண்மை. ரொக்க ஆட்கள் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது.


மல்லிகைப் பந்தல்
புதன், இரவு 10.25

நான் இங்கே எப்போதும் வாசிப்பதோடு சரி. இன்று எழுதுகிறேன், ஏனென்றால் வரைபடம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு அத்தை ஞாபகம் வருகிறது.

2021 ஜூன் 1இல் முழு முடக்கம் வந்தது. ஜூன் கடைசியில் வெள்ளைக்கொடி இயக்கம். உதவி வேண்டுபவர்கள் வீட்டு வாசலில் வெள்ளைத் துணி கட்டினால் அக்கம்பக்கத்தார் வந்து பார்ப்பார்கள். கெஞ்ச வேண்டியதில்லை, விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. நல்ல எண்ணத்தில் தொடங்கியது, பல உயிரைக் காப்பாற்றியது, அதை நான் மறுக்கவே மாட்டேன். கொடி இருக்கும் இடத்தையும் உணவு வங்கியையும் காட்டும் சம்பல் எஸ்.ஓ.எஸ் போன்ற செயலிகளும் வந்தன.

அத்தை வீட்டில் மாமாவுக்கு இரண்டு மாதமாக வேலை இல்லை. அத்தை தலையணை உறை ஒன்றைச் சன்னல் கம்பியில் கட்டினார். கட்டிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மறுநாள் ஒரு குழு வந்தது. அரிசி, எண்ணெய், மீன் டின், பால் மாவு, எல்லாம் கொண்டுவந்தார்கள். கூடவே படமும் எடுத்தார்கள். அத்தை பையைக் கையில் வாங்குவது போல ஒரு படம், பின்னால் வீட்டு எண், கீழே இடத்தின் பெயர். சாயங்காலத்துக்குள் முகநூலில் வந்தது. மாமாவின் பழைய வேலையிடத்து ஆட்கள் பார்த்தார்கள். தங்கச்சியின் வகுப்பில் பார்த்தார்கள். அடுத்த மாதம் நிலைமை இன்னும் மோசம். அத்தை கொடி கட்டவில்லை. அந்த மாதத்தை எப்படி ஓட்டினார்கள் என்று இன்றுவரை எங்களிடம் சொன்னதில்லை.

இப்படியொரு வரைபடத்தில் அந்த வீடு ஜூலையில் ஒரு புள்ளி, ஆகஸ்டில் ஒன்றுமில்லை. உதவி பலித்தது என்று ஒருவர் எழுதக்கூடும். புள்ளி ஏன் மறைந்தது என்று எங்களுக்குத்தான் தெரியும்.

ஆய்வு செய்யுங்கள் அக்கா, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பசியுள்ள வீட்டை வரைபடத்தில் காட்டாதீர்கள். லைனையும் காட்டாதீர்கள். எங்கள் மாதிரி ஊரில் லைன் எண் சொன்னால் யார் வீடு என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும்.


எண்ணும் எழுத்தும்
வியாழன், நள்ளிரவு 12.40

இந்த இழையை ஆரம்பத்தில் ஒரு தொழில்நுட்பக் கேள்வியாகப் பார்த்தேன். அத்தையின் கதையை வாசித்த பிறகு இரண்டு விஷயம் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சட்டம் காப்பாற்றும் என்று இருந்துவிடாதீர்கள். நம் 2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிக நடவடிக்கைக்கு உரியது. ஒரு மாணவி பொதுப் பதிவை எடுத்து வரைபடம் போடுவதை அது தடுக்காது. தடுப்பு நீங்களே போட்டுக்கொள்வதுதான்.

இன்னொன்று, பதிவை ஒரேயடியாகத் தூக்கிப் போடவும் வேண்டாம். கூகுள் 2008இல் தேடல் சொற்களை வைத்து ஃபுளூ காய்ச்சல் பரவலைக் கணிக்கத் தொடங்கியது. 2012–13 குளிர்காலத்தில் உண்மையான அளவைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு காட்டியது. செய்தியைப் பார்த்துப் பயந்தவர்களும் தேடினார்கள், காய்ச்சல் உள்ளவர்களும் தேடினார்கள், கணக்குக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது. நம் முட்டைப் பதிவிலும் அது உண்டு. தொலைக்காட்சியில் அமைச்சர் பேசிய நாளில் எல்லாரும் முட்டையைப் பற்றி எழுதுவார்கள். ஆனால் பதிவுகளுக்கு ஒரு பயன் இருக்கிறது. எந்தப் பொருளைப் பற்றிப் பேச்சு கிளம்புகிறது என்று அவை சீக்கிரம் சொல்லும். எங்கே, யாருக்கு என்பதை அவற்றிடம் கேட்காதீர்கள். எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு, ஊருக்குள் போய்க் கேளுங்கள்.

உள்நாட்டு வாணிப அமைச்சின் பிரைஸ் கேட்சர் விலைப்பட்டியல் திறந்த தரவாகக் கிடைக்கிறது. கடை வாரியாக, நாள் வாரியாக இருக்கும். நம் சந்தைக்கடை மாதிரி கடை அதில் இருக்காது, ஆனாலும் ஒப்பிட ஒரு கயிறு கிடைக்கும்.


செம்மண் சாலை
வெள்ளி, இரவு 9.15

எல்லாருக்கும் நன்றி என்று ஒரு சொல்லில் முடிக்க மனம் வரவில்லை. நேற்று வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு இரவு முழுக்க யோசித்தேன். என்ன மாற்றப் போகிறேன் என்று எழுதுகிறேன், தவறு இருந்தால் சொல்லுங்கள்.

பதிவுகளை வைத்துத் தட்டுப்பாட்டு வரைபடம் போடப் போவதில்லை. அவற்றைக் காலவரிசையாக மட்டும் வைக்கிறேன். எந்த வாரம் எந்தப் பொருளின் பேச்சு எழுந்தது, அமைச்சர் பேசிய நாள் எது, கட்டுப்பாட்டு விலை மாறிய நாள் எது என்று. பத்தாங் பெர்ஜுந்தை என்ற பெயரையும் சேர்த்துத் தேடினேன். கூடுதலாகக் கிடைத்தது கொஞ்சம்தான், ஆனால் அந்தக் கொஞ்சத்தில் பெரும்பாலும் வயதானவர்கள், அவர்கள் எழுதுவது முட்டையைப் பற்றி இல்லை. சமையல் எண்ணெய்ப் பொட்டலத்தைப் பற்றி. 1 கிலோ 2 வெள்ளி 50 காசு மானியப் பொட்டலம் எந்தக் கடையில் வந்திருக்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். நான் தேடவே நினைக்காத பொருள் அது.

அடுத்து, வீடுகளில் கேட்பது. ஐக்கிய நாடுகள் சபையின் உணவு, விவசாய அமைப்பு எட்டே கேள்வி கொண்ட ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. சாப்பாடு போதாமல் போகுமோ என்று கவலைப்பட்டீர்களா என்று தொடங்கி, காசில்லாமல் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தீர்களா என்று முடியும். நேற்று அதைத் தமிழில் எழுதி முதலில் அம்மாவிடம் கேட்டுப் பார்த்தேன். சாப்பிட வேண்டும் என்று நினைத்ததைவிடக் குறைவாகச் சாப்பிட்டீர்களா என்ற கேள்வி வந்ததும், “எனக்குப் பசி இல்லாம இருந்துச்சுன்னு எழுதிக்கோ” என்றார். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அந்த அக்டோபரைப் பற்றிக் கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, “ஆமா, கொறச்சிதான் தின்னேன்” என்றார். எட்டு கேள்விக்கு நாற்பது நிமிடம் ஆனது. எல்லா வீட்டிலும் அவ்வளவு நேரம் ஆகும் என்று வைத்துத்தான் திட்டம் போடப் போகிறேன்.

டீச்சர், நீங்கள் சொன்ன சேராத செய்திகளை நான் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. அவை பெற்றோர் உங்களிடம் நம்பிக் கொடுத்த எண்கள். ஆனால் மாதத்தின் எந்த நாளில் கேட்கிறோம் என்பது முக்கியம் என்று அதிலிருந்து புரிந்துகொண்டேன். ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு முறை போவேன், சம்பளம் வந்த வாரத்தில் ஒரு முறை, 25ஆம் தேதிக்குப் பிறகு ஒரு முறை.

மல்லிகைப் பந்தல், நீங்கள் சொன்னபடி வீடும் லைனும் வரைபடத்தில் வராது. பல டிவிஷன்களையும் தாமானையும் சேர்த்துப் பெரிய கட்டமாகத்தான் காட்டுவேன். கட்டத்தில் வீடு குறைவாக இருந்தால் பக்கத்துக் கட்டத்தோடு சேர்த்துவிடுவேன். விவரம் குறைகிறது என்று மேற்பார்வையாளர் சொன்னார். குறையட்டும் என்றேன்.

ஐயா, லைனில் இருக்கும் வெளிநாட்டுப் பிள்ளைகளிடம் கேட்க எனக்கு மொழி தெரியாது. வங்காள மொழியும் நேப்பாளியும் தெரிந்த ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன். ஆள் கிடைக்கும் வரை அவர்களைப் பற்றி ஒரு வரியும் முடிவாக எழுதமாட்டேன். ஆய்வில் அந்த இடத்தை ‘இவர்களிடம் இன்னும் கேட்கவில்லை’ என்று சாம்பல் நிறத்தில் போடுவேன். வெள்ளையாக விடமாட்டேன்.

தம்பி, நோட்டைப் பற்றி உங்கள் அப்பாவிடம் கேட்க முடியுமா? பெயர் எனக்கு வேண்டாம். தேதி, பொருள், அளவு மட்டும் போதும்.


பழைய கிராணி
சனி, காலை 7.30

சாம்பல் நிறம் சரி அம்மா. என் பேரனின் கூட்டாளி ஒருவன் ஆலையில் வேலை செய்கிறான், அவனுக்கு நேப்பாளி பழக்கம். விசாரித்துச் சொல்கிறேன்.


சந்தைக்கடை மகன்
சனி, இரவு 9.50

அக்கா, அப்பாவிடம் கேட்டேன். நோட்டை யார் கையிலும் கொடுக்கமாட்டேன் என்றார். கொஞ்ச நேரம் கழித்து, அந்தப் பிள்ளை எந்தத் தோட்டம் என்று கேட்டார். சொன்னேன். உங்கள் அப்பாவைத் தெரியுமாம், பழைய நோட்டில் அவர் பக்கமும் இருக்கிறதாம்.

நீங்கள் கடையில் உட்கார்ந்து கேட்டால், பெயர் விட்டு மற்றதை அவரே வாசித்துச் சொல்கிறேன் என்றார். நீங்கள் எழுதிக்கொள்ளலாம். 7, 8ஆம் தேதி வேண்டாம், கூட்டம். 12ஆம் தேதிக்கு மேல் மத்தியானம் இரண்டு மணிக்கு வாருங்கள், அந்த நேரம் கடையில் ஆள் இருக்கமாட்டார்கள். அம்மாவையும் கூட்டிவரச் சொன்னார்.